பல்லுதானே!

செல்போன் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் அன்று சாயங்காலமே சர்வீஸ் கடைக்கு ஓடுகிறார்கள். பைக்கில் புதுசாக ஒரு சத்தம் கேட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் கடைவாய்ப் பல்லில் கறுப்பாகப் பள்ளம் விழுந்து இரண்டு வருஷம் ஆனாலும் அதே ஆட்கள் அசைவதில்லை. கேட்டால் ஒரே பதில்தான்: "வலிக்கலையே... பல்லுதானே!"

இந்த ஒற்றை வார்த்தை செய்கிற அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. பல் டாக்டரிடம் போக வேண்டிய நேரத்தில் போகவிடாமல் தடுப்பது இதுதான். கடைசியில் வலி தாங்காமல் ஓடும்போது, உள்ளே இருப்பவர் யார், என்ன படித்தவர் என்று ஒரு கேள்வியும் கேட்காமல் கண்ணில் பட்ட போர்டுக்குள் நுழைய வைப்பதும் இதேதான்.

முதலில் அந்த "வலிக்கலையே"வை எடுத்துக்கொள்வோம். பல்லின் வெளி அடுக்கான எனாமலில் நரம்பே கிடையாது. வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கி அந்த எனாமலைக் கரைக்கும்போது உடம்புக்கு ஒரு தகவலும் போகாது. அடுத்த அடுக்கான டென்டினைத் தொட்ட பிறகுதான் ஐஸ்க்ரீம் சாப்பிட்டால் கூச்சம் வரும். நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற நடுப்பகுதிக்கு சொத்தை இறங்கினால்தான் ராத்திரி தூங்கவிடாத அந்த வலி. ஆக, வலி என்பது படத்தின் டைட்டில் கார்டு இல்லை, கிட்டத்தட்ட க்ளைமாக்ஸ்!

ஆரம்பத்தில் சில நூறு ரூபாய் ஃபில்லிங்கோடு முடிந்திருக்கும். வலி வந்த பிறகு ரூட் கேனால், மேலே கேப் என்று சில ஆயிரங்கள். அதையும் தள்ளிப்போட்டால் பிடுங்குவது ஒன்றுதான் வழி. இதில் இன்னொரு கொடுமை, சில சமயம் அந்த வலி தானாகவே நின்றுவிடும். "கிராம்புத் தைலம் வெச்சேன், சரியாப் போச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். சரியாகவில்லை சார், உள்ளே நரம்பு செத்துப் போயிருக்கிறது. அடுத்தது சீழ்தான்.

டாக்டரிடம் போகாமல் இருக்க ஊரில் கைவசம் வைத்திருக்கும் கதைகளுக்கும் பஞ்சமில்லை.

"மேல்பல்லைப் பிடுங்கினா கண்பார்வை போயிடும்." போகாது. மேல்பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

"க்ளீன் பண்ணினா பல் ஆடும்." பல் ஆடுவதற்குக் காரணம் க்ளீனிங் இல்லை. வருஷக்கணக்கில் படிந்த காரை ஈறைக் கெடுத்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையும் ஏற்கெனவே கரைத்துவிட்டது. காரையை எடுத்ததும் உண்மை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

"பால் பல்தானே, எப்படியும் விழப்போகுது." பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதே பால் பல்தான். தவிர, 6 வயசில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் எந்தப் பல்லும் விழாமலேயே முளைக்கிறது. அது நிரந்தரப் பல் என்று தெரியாமல் பால் பல் கணக்கிலேயே சேர்த்து சொத்தையாக விடும் பெற்றோர்கள் எத்தனை பேர்!

கதைகள் ஒரு பக்கம் என்றால் விளம்பரங்கள் இன்னொரு பக்கம். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒருவர் டிவியில் சொன்னால் அது மருந்துச் சீட்டு ஆகிவிடுகிறது. வெளிநாட்டுப் பல் டாக்டர்கள் சிபாரிசு செய்வதாக வந்த சென்சோடைன் விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டு, 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. பேஸ்ட்டில் பார்க்க வேண்டியது ஃப்ளோரைடு இருக்கிறதா என்பதைத்தான். தினம் இரண்டு வேளை, அதில் ஒரு வேளை கட்டாயம் ராத்திரி படுக்கும் முன். பெரியவர்களுக்கே ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்கினால் லாபம் கம்பெனிக்குத்தான். விழுந்துவிட்ட சொத்தைப் பள்ளத்தை எந்தப் பேஸ்ட்டாலும் அடைக்க முடியாது.

வாய் என்பது உடம்பிலிருந்து கழற்றி வைத்த தனிப் பொருளும் அல்ல. சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் வராது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று சொல்கிறது. அத்தனை பேரும் மாத்திரை வாங்குகிற அக்கறையில் பாதியாவது ஈறுக்குக் காட்டுகிறார்களா? வாய்ப் புற்றுநோய்க்கும் இதே கதைதான். இரண்டு வாரமாக ஆறாத புண்ணையும் வெள்ளைத் திட்டையும் முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர் பல் டாக்டர். அவரிடம்தான் யாரும் வாயைத் திறந்து காட்டுவதில்லையே!

சரி, ஒரு வழியாகப் போவது என்று முடிவாகிவிட்டது. யாரிடம் போவது? இங்கேயும் "பல்லுதானே, யார் பிடுங்கினா என்ன" என்று கிளம்புகிறார்கள். வாணியம்பாடியில் நடந்தது தெரிந்தால் அப்படிப் பேச வாய் வராது. 2022-23ல் மெலியாய்டோசிஸ் என்கிற அபூர்வத் தொற்று அந்த வட்டாரத்தில் பலருக்கு மூளையைத் தாக்கியது. வேலூர் சிஎம்சி, ஐசிஎம்ஆர், தமிழகப் பொது சுகாதாரத் துறை ஆகியவற்றின் நிபுணர்கள் துருவிப் பார்த்து, 2025-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்களில் 10 பேர் ஒரே பல் க்ளினிக்குக்குப் போனவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். ஆய்வாளர்கள் கைகாட்டியது ஒரு சலைன் பாட்டிலை. பல் வேலைக்கான கருவியாலேயே திறந்து, அரைகுறையாக மூடி வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தப்பட்ட பாட்டில்!

"அதான் பல் டாக்டர் பக்கமே போறதில்லை" என்று இதையே சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. போவதற்கு முன் விசாரிக்க வேண்டும் என்பதுதான் இதில் இருக்கும் பாடம். பதிவு செய்யாதவர்கள் பல் மருத்துவத் தொழில் செய்யச் சட்டப்படி தடை உண்டு. எனவே பி.டி.எஸ். படித்தவரா, தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. கருவிகளை ஆட்டோகிளேவில் கொதிநீராவியில் சுத்தம் செய்து, ஒட்டிய பாக்கெட்டை கண் முன்னால் பிரிக்கிறாரா? ஆளுக்கு ஆள் கையுறை மாற்றுகிறாரா? ரூட் கேனால் என்றால் எக்ஸ்ரே எடுத்துக் காட்டி விளக்குகிறாரா? வேறு வழி இருக்கிறதா, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்கிறாரா? இதற்கெல்லாம் கோபப்படாமல் பதில் சொல்பவர்தான் நல்ல டாக்டர். ஏசி ஹாலும் நடிகை சிரிக்கிற ஹோர்டிங்கும் தகுதிச் சான்றிதழ் ஆகாது. பல் வேலைக்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டி வரும் என்பதால் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரே உத்தமம்.

"காசு இருக்கிறவனுக்கு இதெல்லாம் சரி" என்று ஒரு குரல் வரும். நியாயமான குரல்தான். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் உடைந்தால் தவிர பல்லுக்குப் பைசா தருவதில்லை. கம்பெனிக்காரர்களுக்கும் அது "பல்லுதானே" போலிருக்கிறது! ஆனால் வழியே இல்லை என்பதும் உண்மையில்லை. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலும், 2023-ல் திறந்த புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த செலவில் சிகிச்சை தருகிறார்கள். காத்திருக்க வேண்டும், உண்மைதான். ரேஷன் கடையிலும் தியேட்டர் வாசலிலும் காத்திருக்கத் தெரிந்த ஊர்தானே இது?

பல் டாக்டரைத் தேடுவதற்குச் சரியான நாள், பல் வலிக்காத நாள். அன்றைக்குத்தான் நாலு பேரிடம் விசாரிக்கவும், இரண்டு க்ளினிக்கைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் பொறுமை இருக்கும். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குக் கிளம்புகிறவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, திறந்திருக்கிற கதவுக்குள் நுழைகிறார்.