ஃபார்மட் அடிச்சா எல்லாம் சரியாயிடுமா?

பொட்டி தட்டுற வேலைன்னு ஊருக்குத் தெரிஞ்சுட்டா அவ்வளவுதான் மக்களே. பொங்கல், தீபாவளிக்கு ஓரிக்கை வந்து இறங்கினா, பையைக் கீழ வைக்கறதுக்குள்ள யாராவது ஒருத்தர் லேப்டாப்போட வந்துடுவாங்க. "தம்பி, ரொம்ப ஸ்லோவா இருக்கு, வைரஸ் போல. ஒரு ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடேன்." நோய் என்னன்னு நாம கேக்கறதுக்கு முன்னாடியே மருந்தையும் அவங்களே எழுதிக் குடுத்துடறாங்க :-)

என் கட்சி இதுதான். நம்ம பக்கம் நடக்கிற ஃபார்மட்டுல பெரும்பாலானது சுத்தம் செய்யறதே இல்லை. துணியை நல்லா அலசிட்டு, மறுபடி அதே அழுக்குத் தண்ணியில முக்கி எடுக்கறோம்.

ஃபார்மட்டுக்கு அப்புறம் உள்ளே என்ன போகுது? யாரோ எங்கேயோ கைவெச்ச விண்டோஸ். அதுக்கு உயிர் குடுக்க ஒரு ஆக்டிவேட்டர். அந்த ஆக்டிவேட்டர் போடற முதல் நிபந்தனையே, "ஆன்டிவைரஸை அணைச்சுட்டு என்னை ஓடவிடு". வீட்டுக்கு வர்ற ஆள் "முதல்ல வாட்ச்மேனை வெளிய அனுப்புங்க"ன்னு சொன்னா நமக்கு சந்தேகம் வருமா வராதா? 2021 டிசம்பர்ல ரெட் கேனரிங்கற பாதுகாப்பு நிறுவனம் இதைப் பத்தி எழுதியிருந்தாங்க. கேஎம்எஸ்பிகோ ஆக்டிவேட்டர்னு சொல்லிப் பரவின இன்ஸ்டாலர் கூடவே கிரிப்ட்பாட்ங்கற திருட்டு மென்பொருளும் வந்து உக்காந்துச்சு. ப்ரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டு முதற்கொண்டு அள்ளிட்டுப் போற ரகம். இதுல கொடுமை என்னன்னா, பொட்டி அப்பவும் வேகமாத்தான் ஓடும். ஸ்லோவா இல்லை, அதனால வைரஸ் இல்லைன்னு நாமளும் நிம்மதியா இருப்போம்.

தறிச் சத்தத்துல வளந்தவங்களுக்கு இதை விளக்கறது சுலபம். ஜக்கார்டு அட்டையில ஒரு ஓட்டை தப்பா விழுந்திருந்தா, அந்த அட்டை சுத்தி வரும்போதெல்லாம் புடவையில அதே பிழை வரும். நெய்த வரைக்கும் பிரிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சாலும் வரும். மாத்த வேண்டியது அட்டையை.

வயித்தெரிச்சல் இன்னும் இருக்கு. 2012-ல விண்டோஸ் 8 வந்ததுலேர்ந்து, விண்டோஸோட விக்கற பிராண்டட் லேப்டாப்புகள்ல பொதுவா உரிமச் சாவி மதர்போர்டுக்குள்ளேயே பதிஞ்சு வருது. அதே பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்துலேர்ந்தே இலவசமா இறக்கிப் போட்டா, நெட் கிடைச்சதும் தானா ஆக்டிவேட் ஆயிடும். விண்டோஸ் 10-ல செட்டிங்ஸ்லயே ரீசெட் வசதி இருக்கு. 2020-லேர்ந்து சிஸ்டம் ஃபைல்களை நேரா நெட்லேர்ந்து புதுசா இறக்கிக்கற வழியும் அதுல சேர்ந்தாச்சு. இது தெரியாம, காசு குடுத்து வாங்கின அசலை அழிச்சுட்டு, மேல காசு குடுத்துத் திருட்டு விண்டோஸை ஏத்திக்கறோம். என்னத்தைச் சொல்ல...

அடுத்தது டேட்டா. எங்க எதிர்வீட்டு அண்ணன் புடவை டிசைன் போடறவர். பார்டர், முந்தி, புட்டான்னு பல வருஷ உழைப்பு பூரா ஒரே பென்டிரைவ்ல. ஒருநாள் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு. கடையில "ஃபைல் போயிடுச்சு சார், ஃபார்மட் தான்"னு கையை விரிச்சுட்டாங்க. உண்மையில அந்த ஷார்ட்கட் வைரஸ் வழக்கமா ஃபைலை அழிக்கறதில்லை. ஒளிச்சு வெச்சுட்டு, அதே பேர்ல ஒரு போலியை முன்னாடி நிறுத்தும். நாம க்ளிக் பண்ணும்போது வைரஸும் ஓடும். நல்லவேளை, அழிக்கறதுக்கு முன்னாடி அண்ணன் என்கிட்ட கொண்டு வந்தார். அட்ரிப்னு ஒரே ஒரு கட்டளைதான். அத்தனையும் திரும்ப வந்துச்சு. அன்னிக்கு ஃபார்மட் அடிச்சிருந்தா வைரஸ் செய்யாத நாசத்தை நாமளே செஞ்சிருப்போம். அவருக்கு அதான் சோறு.

ஸ்லோவா இருந்தாலே வைரஸ்னும் சொல்லிட முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க்குல புது விண்டோஸ் ஓடினா நொண்டத்தான் செய்யும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. டிஸ்க் சும்மாவே 100 சதவீதத்துல நிக்குதுன்னா, பல தடவை ஒரு எஸ்எஸ்டி மாத்தறதுதான் வைத்தியம்.

"நாம என்ன அணு உலையா நடத்தறோம், இவ்வளவு யோசிக்க?"ன்னு கேப்பீங்க. நடத்தறவங்களே மாட்டினாங்களே சாமி! 2019 செப்டம்பர் 4-ம் தேதி கூடங்குளம் கணினியில வைரஸ்னு செர்ட்-இன் தகவல் குடுத்துச்சு. விஷயம் வெளிய கசிஞ்சதும் அக்டோபர் 29-ம் தேதி நிலையத் தரப்புல மறுத்தாங்க. மறுநாளே அணுமின் கழகம் உண்மைதான்னு ஒத்துக்கிச்சு. நிர்வாக வேலைக்கான, நெட்டோட இணைஞ்ச ஒரு கணினியிலதான் புகுந்துச்சு, உலையோட முக்கிய நெட்வொர்க் தனியா இருந்ததால பாதிப்பில்லைன்னு சொன்னாங்க. காப்பாத்தினது ஃபார்மட் இல்லை, பிரிச்சு வெச்சது. வீட்டுலயும் அதேதான். பையன் கிராக் கேம் போடற அதே லாகின்ல அப்பா நெட்பேங்கிங் பண்ணக் கூடாது.

அப்ப எப்படித்தான் சுத்தம் பண்றது? முதல்ல நெட்டைத் துண்டிங்க. போட்டோ, டாக்குமெண்ட், டிசைன்னு உங்க சொந்த ஃபைலை மட்டும் வெளிய எடுங்க, எந்த இன்ஸ்டாலரும் கூட வரக் கூடாது. சுத்தமான வேற பொட்டியில அசல் விண்டோஸை இறக்கி, டிஸ்கை முழுசா அழிச்சுப் போடுங்க. சி டிரைவை மட்டும் அழிச்சா டி டிரைவ்ல இருக்கறவர் மறுபடி வந்துடுவார். அப்டேட்டை முடிங்க. எடுத்து வெச்ச ஃபைலை ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பிப் போடுங்க. கடைசியா, இதுதான் எல்லாரும் மறக்கறது, பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்தி, பழைய லாகின்களை எல்லா இடத்துலயும் வெளியேத்துங்க. திருடினவன் கையில சாவி இருக்கும்போது கதவுக்குப் பெயின்ட் அடிச்சு என்ன புண்ணியம்?

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 ஏறாத பழைய பொட்டிக்குத் திருட்டு வழி தேடாம லினக்ஸ் போடலாம். நம்ம எல்காட்லயே உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநரா இருந்தப்ப, 2007 வாக்குல, சூசி லினக்ஸுக்கு மாறினாங்க. அரசு அலுவலகத்துல நடந்தது வீட்டுல நடக்காதா?

இதைப் படிக்கறவங்கள்ல பாதிப்பேர் என்னை மாதிரி ஆணி புடுங்கறவங்கதான்னு தெரியும். அடுத்த தடவை யாராவது லேப்டாப்போட வந்தா, "கிராக் வேணாம், உங்க பொட்டியிலயே அசல் இருக்கு"ன்னு சொல்லிக் குடுங்க. ஒரு மணி நேரம் கூட ஆகும். அவங்க பேங்க் கணக்குக்கு முன்னாடி அது ஒண்ணும் பெருசில்லை.

எங்க ஊர்ப் பேருக்கே ஒரு கதை உண்டு. திருமழிசை ஆழ்வாரோட சேந்து காஞ்சியை விட்டுக் கிளம்பின பெருமாள் ஒரு ராத்திரி தங்கினதால ஓரிரவிருக்கை, அதுவே ஓரிக்கை ஆச்சாம். திரும்பிப் போனவர் பழையபடி படுக்கலை, திசை மாத்திப் படுத்தார்னு சொல்லுவாங்க. பெருமாளே கிளம்பிப் போய் வந்தப்புறம் ஒண்ணை மாத்தியிருக்கார். நாம மட்டும் ஃபார்மட் அடிச்சுட்டு அதே கிராக்கை ஏத்தினா எப்படி?

டிஸ்கி: பொங்கலுக்கு லேப்டாப்போட வர்றவங்க சார்ஜரையும் எடுத்துட்டு வாங்கப்பா, புண்ணியமாப் போகும் :-)