அடங்காத பிள்ளைக்கு வைத்தியம் எது?

ஒரு குழந்தை ஓரிடத்தில் உட்காருவதில்லை. சொன்னது காதில் ஏறுவதில்லை. எடுத்த காரியத்தை முடிப்பதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தினம் ஒரு புகார் வருகிறது. இப்படிப்பட்ட குழந்தையைப் பெற்றவர்கள் நம் நாட்டில் முதல் முதல் யாரைத் தேடிப் போகிறார்கள்? ஜோசியனைத்தான். அவன் கட்டத்தைப் பார்த்து, சனியின் மீது பழியைப் போட்டு, பரிகாரத்திற்கு ஒரு தொகையைச் சொல்லுகிறான். அடுத்தபடியாக மந்திரிக்கிறவன். அவன் காற்றுக் கருப்பு என்கிறான், தாயத்துக் கட்டுகிறான். பிறகு கோவிலோ, தர்காவோ, ஜெபக் கூட்டமோ, அவரவர் மதத்திற்குத் தக்கபடி ஒரு சுற்று. இதற்கிடையில் வீட்டில் அடி, பள்ளியில் பிரம்பு. இவ்வளவும் செய்து பார்த்துக் கைப்பொருளும் தீர்ந்த பிறகுதான் டாக்டர் என்று ஒருவர் இருப்பது ஞாபகத்திற்கு வருகிறது. அதற்குள் குழந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகி, "மக்கு", "உருப்படாதது" என்கின்ற பட்டங்கள் அதன் நெஞ்சில் நிலைத்து விடுகின்றன. போன காசை மறுபடியும் சம்பாதித்துக் கொள்ளலாம். போன வருஷங்களை எந்தச் சாமி திருப்பிக் கொடுக்கப் போகிறது என்று கேட்கிறோம்.

இக்குறைக்கு டாக்டர்கள் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷில் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்லுவார்கள். இது நேற்று முளைத்த சங்கதியல்ல. 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் கவனம் நிலைக்காத குறையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-ல் லண்டன் நகரத்தில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், புத்தியில் குறைவில்லாமலிருந்தும் தன்னை அடக்கிக் கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்திருக்கிறார். அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஜாதகம் கணித்தவன் யார்? நம் ஊர் ஏழரைச் சனி கப்பலேறியா அங்கே போயிற்று? உலகம் முழுவதிலும் 100 குழந்தைகளுக்குச் சுமார் 5 குழந்தைகளிடம் இது காணப்படுவதாக ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசமே இதற்குக் காரணம்; குடும்ப வழியாக வருவதும் அதிகம்.

அப்படியானால் துள்ளி விளையாடுகிற குழந்தையெல்லாம் நோயாளியா என்று சிலர் கேட்கலாம். அல்லவே அல்ல. இதற்கு அளவுகள் உண்டு. அடையாளங்கள் ஆறு மாதத்திற்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதிற்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். படிப்பையும் பழக்கத்தையும் கெடுக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். அன்றியும், இக்குறையுள்ள குழந்தைகள் எல்லாமே ஓடி ஆடுவதில்லை. ஜன்னலைப் பார்த்துக் கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் இது இருக்கலாம். பெண் குழந்தைகள் பலர் இந்த ரகம். யாருக்கும் தொந்தரவு கொடுக்காததால் அவர்களை யாருமே கவனிப்பதில்லை. "பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை, அடுப்படிக்கு அனுப்பு" என்று காரியத்தை முடித்து விடுகிறார்கள்.

இதில் மற்றொரு அநியாயமும் உண்டு. பணக்காரன் பிள்ளை அடங்காமலிருந்தால் அதற்குச் செல்லம் என்று பெயர். கூலிக்காரன் பிள்ளை அப்படியே இருந்தால், "அந்த ஜாதிக்குப் படிப்பு எங்கே வரும்" என்று பேச்சு. இரண்டு பேருக்கும் ஒரே குறை. ஆனால் ஒருவனுக்கு வைத்தியம், மற்றவனுக்குக் கூலி வேலை. எந்தப் பிள்ளையானாலும் பழியைச் சுமப்பது மட்டும் தாய்தான். வளர்ப்பு சரியில்லை என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை அவளையே குத்துகிறார்கள். மூளை வளர்ச்சியில் வந்த வித்தியாசத்திற்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்?

நிற்க, எந்த டாக்டரிடம் போவது என்பதுதான் முக்கியமான கேள்வி. குழந்தை வைத்தியரிடம் முதலில் காட்டலாம். குழந்தைகளின் மனநலத்தைப் பார்க்கும் டாக்டரும், குழந்தை வளர்ச்சியில் தனிப்பயிற்சி பெற்ற டாக்டருமே இதில் நிபுணர்கள். மனோதத்துவ நிபுணர் பரீட்சை செய்து சொல்லுவார், பழக்கங்களைத் திருத்தப் பயிற்சி கொடுப்பார். மருந்து எழுதுவது டாக்டர் வேலை.

பணமில்லாதவர்கள் என்ன செய்வது? 2013-ல் சர்க்கார் குழந்தைகளுக்காக ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. பெயர்தான் வாயில் நுழையாத ஹிந்தி. வேலை நமக்கு வேண்டியதுதான். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து குழந்தைகளைச் சோதிக்க வேண்டிய குறைகளின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. மேல் பரிசோதனைக்கு மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையம் உண்டு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும், கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியும், முட்டுக்காட்டில் மத்திய சர்க்காரின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனமும் இருக்கின்றன. வழி தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்து கேட்கலாம். 2022 முதல் நடந்து வரும் மனநல உதவி அது.

ஆனால் ஜோசியனை விட்டுவிட்டோம் என்பதற்காக, டாக்டர் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கேயும் பகுத்தறிவு வேண்டும். தகுதியான டாக்டரை அவர் கேட்கும் கேள்விகளைக் கொண்டே கண்டுபிடித்து விடலாம். குழந்தை வீட்டில் எப்படி, பள்ளியில் எப்படி என்று இரண்டையும் கேட்பார். உபாத்தியாயர் அபிப்பிராயத்தை எழுதி வாங்கி வரச் சொல்லுவார். கண்ணும் காதும் சரியாயிருக்கின்றனவா, தூக்கம் சரியா, விழித்தபடியே நினைவு தப்புகிற வலிப்பு உண்டா, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் தனிக்குறை உண்டா என்று பார்ப்பார். ஏனெனில் இவற்றில் எது இருந்தாலும் குழந்தை கவனமில்லாதது போலத் தோன்றும். ஐந்து நிமிஷத்தில் சீட்டு எழுதி அனுப்புகிறவரும், ரத்தப் பரிசோதனை ஒன்றிலேயே அல்லது மூளைப் படம் ஒன்றிலேயே இதைக் கண்டுபிடித்து விட்டேன் என்கிறவரும் சரியானவர்களல்ல. இக்குறையைத் தனியே காட்டிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.

சிகிச்சை விஷயத்திலும் ஒளிவு மறைவு வேண்டியதில்லை. ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைக்குப் பெற்றோருக்கே பயிற்சி கொடுப்பதுதான் முதல் சிகிச்சை. சொல்லுவதைச் சுருக்கமாகச் சொல்லுதல், நல்லது செய்த உடனே பாராட்டுதல், வேலையைச் சிறு சிறு துண்டாகக் கொடுத்தல் ஆகியவை அதில் சேர்ந்தவை. ஆறு வயதிற்கு மேல் தேவையானால் மருந்தும் கூடச் சேரும். மீதைல்பெனிடேட் என்ற மருந்து 1944-ல் சுவிட்சர்லாந்தில் தயாரிக்கப்பட்டது. அது பசியைக் குறைக்கலாம், தூக்கத்தைத் தாமதப்படுத்தலாம். ஆகையால் எடை, உயரம், நாடி, ரத்த அழுத்தம் இவைகளை அவ்வப்போது பார்க்க வேண்டும். சட்டத்தின் கட்டுப்பாட்டிலுள்ள மருந்தாதலால் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. டாக்டரைக் கேளாமல் கொடுக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

அமெரிக்காவில் 579 குழந்தைகளை நான்கு பிரிவாக்கி 14 மாதம் சோதித்துப் பார்த்து, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். அளவு பார்த்து, மாதாமாதம் கவனித்து மருந்து கொடுத்த குழந்தைகள், ஊரில் சாதாரணமாகச் சிகிச்சை பெற்ற குழந்தைகளைவிட அதிகக் குணம் கண்டார்கள். ஊரில் சிகிச்சை பெற்றவர்களிலும் பெரும்பாலோர் மருந்து சாப்பிட்டவர்களே. ஆகவே மருந்து மட்டுமல்ல, அதைக் கவனித்துக் கொடுக்கிற விதமும் முக்கியம் என்று ஏற்பட்டது. அந்தக் கவனிப்பு நின்று அவரவர் போக்கில் விட்ட பிறகு, மூன்றாம் வருஷத்தில் அந்த வித்தியாசம் காணப்படவில்லை என்பதையும் அவர்களே வெளியிட்டார்கள். தனக்கு அனுகூலமில்லாததையும் மறைக்காமல் சொல்லுவதுதான் விஞ்ஞானம். பரிகாரம் பலிக்கவில்லை என்று எந்த ஜோசியனாவது கணக்கு வெளியிட்டதுண்டா?

பழைய புரட்டு போதாதென்று இப்போது புதுப்புரட்டும் கிளம்பியிருக்கிறது. நடுமூளையை எழுப்புகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் பறிக்கிறார்கள். கட்டிய துணிக்கும் மூக்கிற்கும் நடுவிலுள்ள சந்தில் பார்ப்பதற்கு நடுமூளை எதற்கு? தாயத்து, மந்திரம் ஆகியவற்றால் வியாதி தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் செய்தாகிவிட்டது. அது ஏட்டில் தூங்குகிறது. விளம்பரமோ வீதியெல்லாம் நடக்கிறது.

சர்க்காருக்கும் பொறுப்பு உண்டு. குழந்தையை அடிக்கக் கூடாது என்று 2009-ம் வருஷத்துக் கல்விச் சட்டம் சொல்லுகிறது; பிரம்பு இன்னும் ஓயவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ம் வருஷத்துச் சட்டத்தில் படிப்பதில் உள்ள தனிக்குறைக்கு இடம் உண்டு. இக்குறைக்குத் தனியாகப் பெயரில்லை. அதைச் சேர்க்க வேண்டும். மாவட்டந்தோறும் குழந்தை மனநல டாக்டரை நியமிக்க வேண்டும். உபாத்தியாயர்களுக்கு இதைப் பற்றிப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

தோழர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு குழந்தை இருக்குமானால், அதன் கையிலுள்ள கயிற்றை அவிழ்ப்பதோடு உங்கள் வேலை தீர்ந்து விடவில்லை. அந்தத் தாயாருக்குத் துணையாக ஆஸ்பத்திரி வரை கூடப் போங்கள். கேட்க வேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். அடுத்த மாதமும் கூடப் போங்கள். அதுவே நாம் செய்யக்கூடிய உண்மையான பிரசாரமாகும்.