நாட்டு விதை மேல பழி போடாதீங்க

"நாட்டு விதையில வீரியம் இல்லைங்க, முளைக்கவே மாட்டேங்குது." போன வாரமும் ஒருத்தர் சொன்னார். எங்க வச்சிருந்தீங்கன்னு கேட்டா, பிளாஸ்டிக் கவர்ல கட்டி அடுப்படிப் பரண்லயாம்! கோபம் வராம என்ன செய்யும்?

விதைக்கு எமன் ஈரமும் சூடும்தான். ஈரம் 1 சதம் குறைஞ்சா ஆயுசு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வைக்கிற இடத்துச் சூடு 5 டிகிரி குறைஞ்சாலும் அப்படியே. நெல்லு 13 சத ஈரம் தாங்கும். கத்தரி, தக்காளிக்கு 8 சதத்துக்கு மேல் ஆகாது. சரியாகக் காயாததைக் கவர்ல கட்டினா உள்ளேயே புழுங்கிச் சாகும்.

நம்ம பாட்டிகள் கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டினதும், துவரைக்குச் செம்மண் கட்டினதும் சும்மாவா? சாம்பல் ஈரத்தை இழுக்கும், மண் பூச்சு வண்டை அண்டவிடாது. உச்சி வெயிலில் போடாம காலையிலும் சாயங்காலமும் காயவைங்க. பிறகு காத்துப் புகாத கண்ணாடி பாட்டில். ஃப்ரிட்ஜில் வச்சா இன்னும் நல்லது. வெளியே எடுத்ததும் திறந்துடாதீங்க, வேர்த்துடும். (வெங்காய விதை தனி ரகம். சாதாரணமா வச்சா ஒரு வருஷத்துக்கு மேல நம்ப முடியாது.)

கம்பெனிக்காரன் உலர்த்தி, காத்துப் புகாம டப்பாவுல அடைச்சுத் தர்றான். நீங்க பரண்ல வேகவச்சுட்டு ரெண்டையும் ஒப்பிடுறது என்னங்க நியாயம்?