கொடும்பாளூர்க் களஞ்சியம்

விராலிமலைக்கு அருகிலுள்ள கொடும்பாளூருக்குச் செல்வோர் மூவர் கோயிலைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். அறுபத்துமூவருள் ஒருவரான இடங்கழி நாயனார் அரசாண்ட ஊர் அது என்பதை நினைப்போர் சிலரே.

அடியவர்க்கு அமுதளிப்பதையே நோன்பாகக் கொண்ட ஒருவர், வீட்டில் ஏதுமற்ற ஒரு நாள், நள்ளிரவில் அரசரின் நெற்களஞ்சியத்துள் புகுந்தார், காவலரிடம் அகப்பட்டார். காரணத்தைக் கேட்டறிந்த இடங்கழியார் அவரைத் தண்டிக்கவில்லை. களஞ்சியத்தை அடியவர் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் எனப் பறையறைவித்தார்.

இவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. விருந்தினருக்கு இலை விரித்தது ஒரு தனி வீடு; நெல் தந்தது அரசு. இரண்டும் சேர்ந்தபோதே அறம் நிறைவுற்றது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் படகேறி இராமேசுவரக் கரைக்கு வந்தனர். நம் மாவட்டத்திலும் லெணாவிலக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய ஊர்களில் முகாம்கள் உள்ளன. 2021இல் அரசு தந்த கணக்கின்படி, தமிழக முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டோரும், காவல் நிலையத்தில் பதிந்து வெளியே வசிப்போராக 34,000க்கும் மேற்பட்டோரும் இருந்தனர். முகாம்களில் 7,469 வீடுகள் புதிதாகக் கட்டப்படும் என்றும் அவ்வாண்டு அரசு அறிவித்தது. களஞ்சியம் திறந்தது. வெளியே வசிப்போருக்கோ, யாரேனும் ஒருவர் தம் வீட்டுக் கதவைத் திறந்தாக வேண்டும்.

பிறநாட்டினர் இதற்கு வழி கண்டுள்ளனர். கனடாவில் ஐவர் ஒன்றுகூடினால் ஓர் அகதிக் குடும்பத்தை ஓராண்டு தாங்க 2024 வரை அரசு இசைவளித்து வந்தது. பிரிட்டனில் 2022 முதல், உக்ரைன் மக்களைத் தம் இல்லத்தில் ஏற்போருக்கு அரசு மாதந்தோறும் நன்றித்தொகை வழங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், முகாமில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் மனைவியுடன் வந்து எங்கள் மாடியை வாடகைக்குக் கேட்டார். அவரிடம் வேண்டிய தாள்கள் அனைத்தும் இருந்தன. "வீட்டில் கலந்து சொல்கிறேன், தம்பி" என்றேன். "சரிங்க ஐயா" என்று வணங்கிச் சென்றார். நான் சொல்லியனுப்பவே இல்லை. வங்கியில் எத்தனையோ கடன் விண்ணப்பங்களுக்கு ஆம், இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டவன், அன்று ‘இல்லை’ என்று சொல்லவும் துணியவில்லை.

எங்கள் பிள்ளைகள் அயல்நாட்டில் பிறர் வீட்டில் குடியிருக்கின்றனர். அவர்களுக்கு யாரோ கதவு திறந்தார்கள். இங்கே மாடி பூட்டிக் கிடக்கிறது. நம்மில் பலர் வீட்டிலும் இதுவே நிலை.

அன்னதானத்துக்கு நன்கொடை எழுதுவது எளிது. சாவியைக் கொடுப்பதே கடினம். சென்ற வாரம் மாடியைத் திறந்து ஒட்டடை அடித்தேன். அந்தத் தம்பியின் தொலைபேசி எண் பழைய நாட்குறிப்பில் இருக்கிறது.