பூசையறை வளரிக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆயுதங்கள் இருக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். புதுக்கோட்டை சமஸ்தானக் காலத்தில், 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. சிலைக்கும் ஓவியத்துக்கும் கொடுக்கிற நேரத்தில் பாதியையாவது வாளுக்கும் ஈட்டிக்கும் வளரிக்கும் கொடுங்கள்.

கொல்லுப்பட்டறை வீட்டில் பிறந்து வாத்தியாரானவன் நான். வெட்டும் இரும்பைக் கையில் எடுத்தால் முதலில் முதுகைப் பார், அப்புறம் வாயைப் பார் என்பார் அப்பா. தடித்த முதுகு படிப்படியாக மெலிந்து வாயாகிற இடத்தில்தான் அடித்தவன் கைத்திறன் தெரியும். காய்ந்த இரும்பைத் தண்ணீரில் தோய்க்கும் துவைச்சல் கூடிப்போனால் வாய் பொரிந்து உதிரும், குறைந்தால் மடங்கும். அரிவாளுக்குள்ள இந்தக் கணக்குதான் வாளுக்கும். ஆனால் நம் அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் வாளுக்குப் பக்கத்தில் எந்த அரசர், எந்த நூற்றாண்டு என்பதோடு எழுத்து நின்றுவிடுகிறது. எங்கே அடித்தது, எடை என்ன, எப்படிப் பிடிப்பது, யாரை எதிர்த்து ஓங்கியது என்பதையும் சொன்னால்தானே பார்க்கிற பிள்ளை அங்கே நிற்கும்?

எங்கள் குளத்தூரே ஒரு காலத்தில் தனிப் பாளையம். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ரகுநாதராயத் தொண்டைமான் புதுக்கோட்டையில் ஆட்சியை நிறுவியபோது, அவர் தம்பி நமனத் தொண்டைமான் வசம் குளத்தூர் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில்தான் அது புதுக்கோட்டையோடு சேர்ந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஆயுதம் அரண்மனையில் மட்டுமா இருந்திருக்கும்? படைக்குப் போன ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது.

வளரியைப் பாருங்கள். பிறை வடிவம், ஒரு முனை கனம், மறுமுனை லேசு. லேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேலே சில சுற்றுச் சுற்றி வீச வேண்டும். வயிரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் உண்டு. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனவற்றில் தந்த வளரிகளும் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில், புதுக்கோட்டை திவான் வளரியைப் பற்றி எழுதி அனுப்பிய குறிப்பு இருக்கிறது. அன்றைக்கே சமஸ்தானத்தில் வளரி வீசத் தெரிந்த வல்லவர்கள் இல்லை என்கிறார் திவான். முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் எப்போதாவது வீசுவார்களாம். மற்றபடி கள்ளர், மறவர் வீடுகளில் சாமியோடு சாமியாக இருக்கும். ஆயுத பூசைக்கு எடுத்துத் துடைத்துப் படைத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுவார்கள் என்கிறார்.

அந்த வளரி யார் மேல் வீசப்பட்டது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். இது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கசக்கும். சிவகங்கைச் சின்ன மருது 1795 வாக்கில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார். 1801-இல் அதே வெல்ஷ், கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட மருதுவை வேட்டையாடிய படையில் இருந்தார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் புதுக்கோட்டை கம்பெனி பக்கம் நின்றது. அதற்கு இரண்டு வருடம் முன்பு கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் தொண்டைமான் ஆட்கள்தான். தொண்டைமான் படையின் வாளுக்குக் கீழே இதை எழுதிவைத்தால் ஊருக்கு இழுக்கு வந்துவிடாது. படிக்கிற பிள்ளை தன் ஊரை உள்ளபடி தெரிந்துகொள்ளும்.

பேசாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தஞ்சாவூர் சாட்சி. 1855-இல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார், அரசு கம்பெனிக்குப் போனது. அரண்மனை ஆயுதசாலையில் குவிந்துகிடந்தவற்றில் கொஞ்சத்தைச் சென்னைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டு, மீதியில் பெரும்பகுதியை 1860-களில் உடைத்துப் பழைய இரும்பாக எடைக்கு விற்றார்கள். தஞ்சைக் கட்டாரிகளில் பலவற்றின் அலகு ஐரோப்பாவில் அடித்தது, பிடியும் கைக்காப்பும் நம் கொல்லர்கள் செய்தவை. கடல்தாண்டி வந்த உடைந்த வாளை வாங்கி, நம் கைக்குத் தோதாகப் புதுப் பிடி போட்டிருக்கிறார்கள் அந்த ஆசாரிகள். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? இன்று அந்தக் கட்டாரிகளில் சிலவற்றைப் பார்க்க நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை போக வேண்டியிருக்கிறது. உருக்குலைந்து போனவற்றை எண்ணினால் வயிறு எரிகிறது.

எங்கள் பக்கத்து வீடுகளில் மிச்சமிருப்பதற்கும் அந்த கதி வரக்கூடாது. தாத்தா போனதும் பங்கு பிரிக்கிறார்கள், ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டுகிறார்கள், பூசையறைப் பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போகிறது. வெளியே சொல்லவும் பயம். சொன்னால் போலீஸ் வருமோ, அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விடுமோ என்று. அந்தப் பயத்தை முதலில் போக்க வேண்டியது மாவட்ட நிர்வாகம். பொருள் வீட்டிலேயே இருக்கும், பதிவு மட்டும்தான் எங்களுக்கு வேண்டும் என்று ஆட்சியர் பெயரில் ஊராட்சிதோறும் அறிவிக்கட்டும்.

செலவு அதிகம் ஆகாது. ஒரு தராசு, ஓர் அளவுகோல், ஒரு செல்போன் கேமரா போதும். புதுக்கோட்டை மன்னர் கல்லூரி வரலாற்று மாணவர்களும் அருங்காட்சியகத்தாரும் சேர்ந்து, ஆயுத பூசை நாளில், பொருளை வீட்டுக்காரரே வெளியே எடுக்கும்போது போகட்டும். கூடவே வயதான கொல்லர் ஒருவரையும் தச்சர் ஒருவரையும் அழைத்துப்போகட்டும்; மரம் எது, இரும்பு எப்படி அடித்தது என்று அவர்கள் தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள். யார் வழியாக வந்தது, எந்தச் சாமிக்குப் படைப்பது, எண்ணெய் பூசுவது யார் என்று வீட்டுப் பெண்களையும் கேளுங்கள். பல வீடுகளில் அதைத் துடைத்துக் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்கள்தான். பதிவின் ஒரு பிரதி அந்த வீட்டுக்கு, ஒன்று திருக்கோகர்ணத்துக்கு. குளத்தூர் வட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஆசாரிகளை அழைத்துவருவது என் பொறுப்பு.