சமக்குறி மட்டும்தானா ராபர்ட் ரெக்கார்ட்?

ஒன்றாம் வகுப்புக் குழந்தை முதல் ஆடிட்டர் வரை எல்லோரும் தினமும் போடுகிற குறி '='. அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பொது அறிவுப் புத்தகம் ஒரே வரியில் பதில் சொல்லிவிடும்: ராபர்ட் ரெக்கார்ட், 1557. அதோடு அவர் கதை முடிந்தது! ஆனால் அந்த மனிதர் அடுத்த வருடமே சிறையில் இறந்துபோனார் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை. ஏன் இறந்தார் என்பதுதான் குறியைவிட முக்கியமான விஷயம்.

ரெக்கார்ட் 1510-ஐ ஒட்டி வேல்ஸில் உள்ள டென்பி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1545-ல் கேம்பிரிட்ஜில் மருத்துவப் பட்டம் வாங்கினார். தொழில் மருத்துவம், மனசு கணக்கில்! 1547-ல் சிறுநீரைப் பார்த்து நோயைக் கணிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் காலத்தில் மருத்துவர்களுக்கு அதுதான் முக்கியமான சோதனை.

அவர் செய்த பெரிய காரியம் வேறு. அன்று படிப்பு என்றால் லத்தீன். பல்கலைக்கழகத்தில் பேச்சும் எழுத்தும் லத்தீன்தான். ஆனால் கடை வைத்திருப்பவருக்கும், கப்பலில் சரக்கு ஏற்றுபவருக்கும், நிலம் அளப்பவருக்கும் லத்தீன் எங்கே தெரியும்? கணக்கு தெரியாமல் பிழைப்பு நடக்காதே! லத்தீனில் எழுதினால் அறிஞர்கள் மெச்சுவார்கள் என்று தெரிந்தும் ரெக்கார்ட் ஆங்கிலத்தில் எழுதினார். 1543-ல் வந்த அவருடைய 'கிரவுண்ட் ஆஃப் ஆர்ட்ஸ்' கூட்டல், கழித்தலில் தொடங்கி வியாபாரக் கணக்கு வரை சொல்லிக்கொடுத்தது. நூற்றைம்பது வருடங்களுக்கும் மேலாக அது திரும்பத் திரும்ப அச்சாகிக்கொண்டே இருந்தது.

புத்தகம் முழுக்க ஆசிரியரும் மாணவனும் பேசிக்கொள்கிற பாணி. மாணவன் தப்பாகப் போடுவான், அவசரப்படுவான், புரியவில்லை என்பான். ஆசிரியர் திருத்துவார். சொன்னதை அப்படியே நம்பாதே, காரணம் கேள் என்பதுதான் அவர் பாடத்தின் அடிநாதம். மாணவன் தப்பு செய்ய அனுமதிக்கிற பாடப்புத்தகம் இன்றைக்கே அபூர்வம்!

சமக்குறியும் இந்த அக்கறையிலிருந்து வந்ததுதான். 1557-ல் எழுதிய 'வெட்ஸ்டோன் ஆஃப் விட்' என்ற இயற்கணித நூலில், 'இது அதற்குச் சமம்' என்று ஒவ்வொரு தடவையும் எழுதி அலுத்துப்போனதால், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார். அவர் போட்ட முதல் சமன்பாடு இன்றைய எழுத்தில் 14எக்ஸ் + 15 = 71. விடை 4. எவ்வளவு எளிமை பாருங்கள்! ஆனாலும் இந்தக் குறி மறுபடி அச்சேற 1618 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது சிறைக்கு வருவோம். 1549-ல் ரெக்கார்ட் பிரிஸ்டல் நாணயச்சாலையில் கணக்கு அதிகாரி. மேற்கு இங்கிலாந்தில் கலகம் மூண்டது. அதை அடக்கப் போன படைத்தலைவர்களில் ஒருவரான சர் வில்லியம் ஹெர்பர்ட், படைச் செலவுக்கு நாணயச்சாலைப் பணத்தைக் கேட்டார். முறையான உத்தரவு இல்லாமல் அரசருடைய பணத்தைத் தர முடியாது என்று ரெக்கார்ட் மறுத்துவிட்டார். உடனே தேசத்துரோகி என்று குற்றம் சாட்டினார் ஹெர்பர்ட். ரெக்கார்ட் 60 நாள் காவலில் இருந்தார்.

1551-ல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு வெள்ளிச் சுரங்கத்துக்கு மேற்பார்வையாளராகப் போனார். சுரங்கம் நஷ்டத்தில் ஓடி, 1553-ல் திரும்ப அழைக்கப்பட்டார். அதற்குள் ஹெர்பர்ட், பெம்புரோக் பிரபு ஆகிவிட்டார். 1556-ல் அந்தப் பிரபு மீதே முறைகேட்டுப் புகார் கொடுத்தார் ரெக்கார்ட். பிரபு திருப்பி மானநஷ்ட வழக்குப் போட்டார். 1557-ல் தீர்ப்பு: ரெக்கார்ட் 1000 பவுண்டு நஷ்டஈடு தர வேண்டும். அந்தக் காலத்தில் அது ஒரு மருத்துவர் கனவிலும் காண முடியாத தொகை. முடிவில் லண்டன் கிங்ஸ் பெஞ்ச் சிறை, 1558-ல் அங்கேயே மரணம்.

'வெட்ஸ்டோன்' முடிகிற இடத்தைப் படித்தால் மனசு கனத்துவிடும். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே கதவை யாரோ அவசரமாகத் தட்டுகிறார்கள். ஆசிரியர் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. மாணவன் கலங்கி நிற்கிறான். பாடம் அதற்குப் பிறகு தொடரவே இல்லை.

ரெக்கார்டுக்கு விவரம் போதவில்லை என்று சிலர் சொல்லலாம். ராணியின் நம்பிக்கையைப் பெற்ற ஒரு பிரபுவோடு சாதாரண அதிகாரி மோதலாமா? நியாயமான கேள்விதான். சுரங்கத்தை லாபத்தில் ஓட்டவும் அவரால் முடியவில்லை. ஆனால் 1549-ல் அவர் செய்தது என்ன? அடுத்தவர் பணத்துக்குக் காவலாக இருப்பவன், உத்தரவு இல்லாமல் அதைத் தரக்கூடாது என்பதுதான். கணக்கு எழுதுகிற எவருக்கும் இது முதல் பாடம். கேட்டவர் பெரிய ஆள் என்பதற்காக அந்தப் பாடம் மாறிவிடுமா? அன்று அவர் தலையை ஆட்டியிருந்தால் ஹெர்பர்ட்டின் பகை வந்திருக்காது. அவரோ தலையை ஆட்டவில்லை.

1570-ல், இறந்து 12 வருடம் கழித்து, அயர்லாந்தில் உழைத்ததற்கு ஈடாக அவருடைய குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அரசாங்கம் பாக்கியை ஒப்புக்கொண்டது. ஆனால் அதை வாங்க அவர் இல்லை.

எனவே பொது அறிவுப் புத்தகத்தில் அந்த ஒரு வரியோடு இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம். சாதாரண மக்களின் மொழியில் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவர் என்று ஒன்று. தன் பொறுப்பில் இருந்த பணத்தைக் கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுக்காதவர் என்று இன்னொன்று. பேரேட்டில் இரண்டு பக்கமும் சமமாக வந்ததா என்று பார்க்கிற மாணவர்களுக்கு, சமக்குறியோடு அந்த மனிதரையும் அறிமுகப்படுத்துவதுதான் முறை.