முன் ஃபோர்க்கின் முரட்டுத்தனத்திற்கு மலிவான மருந்து

மோட்டார் சைக்கிளில் செல்லும்போது சாலையின் சிறு மேடும் கைப்பிடி வழியே மணிக்கட்டிலும் தோளிலும் வந்து இடிக்கிறதே, இதற்கு என்ன வழி என்பது பலரும் எழுப்பும் வினா. 'ஷாக் போய்விட்டது, புதிதாக மாற்றிவிடலாம்' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அவ்விடைக்குப் பணம் செலவழிக்கும் முன்னர், செலவே இல்லாமலும் சிறு செலவிலும் செய்யத்தக்கவை சில உண்டு. அவற்றை முறைப்படி செய்து பார்த்தால், புதிய ஃபோர்க்கின் தேவையே பலருக்கு இராது.

இது சுகத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. சாலையின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர இயலாத சக்கரம் தரையை விட்டுத் துள்ளுகிறது. துள்ளிய அந்நொடியில் முன் பிரேக்கினால் பயனில்லை. பின்னால் மனைவியும் நடுவே குழந்தையும் அமர்ந்திருக்கையில் அந்த ஒரு நொடியின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

முதலில் அமைப்பை அறிந்துகொள்வோம். ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலும் ஒரு ஸ்பிரிங், சிறிதளவு எண்ணெய், அதன் மேல் அடைபட்ட காற்று ஆகியன உள்ளன. ஸ்பிரிங் அதிர்ச்சியைத் தாங்குகிறது. எண்ணெய் சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் சென்று, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெயால் துள்ளலை அடக்கும் இத்தகைய ஃபோர்க்கை 1935ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர் 12 வண்டியில் பொருத்தி விற்பனைக்கு அனுப்பியது. நம் ஊரில் அன்றாடம் ஓடும் 100, 125 சி.சி. வண்டிகளில் இருப்பதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான்.

இனி, பரிசோதனையை டயரிலிருந்து தொடங்குங்கள். சாலையின் அடியை முதலில் வாங்குவது டயரே. இச்சிறு வண்டிகள் பலவற்றிற்கு முன் டயரில் 25 பி.எஸ்.ஐ. அளவிலான காற்றழுத்தமே போதுமானது. சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். 'கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்' என்று 35, 40 வரை காற்றடித்துவிட்டு ஃபோர்க்கைக் குறை கூறுவது நியாயமாகாது. வண்டி ஓடிச் சூடேறும் முன், காலையில் அளவிடுவதே முறை.

அடுத்தது உராய்வு. முன் சக்கரத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்து, கைப்பிடியை அழுத்தி விடுங்கள். ஃபோர்க் வழுக்கிக்கொண்டு இறங்கி, தடையின்றி எழ வேண்டும். விட்டுவிட்டு நகர்ந்தால் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை என்று ஐயுறலாம். பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது இக்கோணல் நேர்வதுண்டு. ஆக்ஸில் நட்டையும் மட்கார்டு போல்ட்டுகளையும் கழற்றாமல் சற்றே தளர்த்தி, ஃபோர்க்கை ஐந்தாறு முறை நன்கு அழுத்திவிட்டு, மீண்டும் உரிய இறுக்கத்தில் முடுக்குங்கள். கால்கள் தமக்குரிய நிலையில் தாமே அமரும். இதற்கு ஒரு ஸ்பானரும் கால் மணி நேரமும் போதும். மழையில் ஓட்டி வந்ததும் பளபளக்கும் குழாயிலுள்ள சேற்றைத் துணியால் துடைத்துவிட்டால் ஆயில் சீலும் நெடுநாள் உழைக்கும்.

மூன்றாவதாக, வண்டி உங்கள் எடைக்கு எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்து பாருங்கள். முன் சக்கரம் தரையைத் தொடாதவாறு தூக்கி நிறுத்தி, பளபளக்கும் குழாயின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் வழக்கம்போல் அமர்ந்திருக்க, மற்றொருவர் மீண்டும் அளக்கட்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு, ஃபோர்க்கின் மொத்த இயக்கத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது நன்று. இயக்கம் 120 மில்லிமீட்டர் எனில் 30 முதல் 40 வரை. அதற்கு மிகக் குறைவாயின் ஸ்பிரிங் உங்கள் எடைக்குக் கடினமானது, அல்லது உராய்வு இன்னும் தீரவில்லை. மிகக் கூடுதலாயின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தளர்ந்த ஃபோர்க் பள்ளத்தில் அடிவரை சென்று 'டக்' என்று முட்டும். பலர் இதையும் கடினத்தன்மை என்றே எண்ணி மயங்குகின்றனர். அளவு சற்றே கூடுதலாக இருந்தால் ஸ்பிரிங்கின் மேல் 10 மில்லிமீட்டருக்கு மிகாத வாஷர்களை வைத்து வண்டியை உயர்த்திக்கொள்ளலாம். ஸ்பிரிங்கின் வலிமை இதனால் கூடாது. வண்டி நிற்கும் உயரமே மாறும்.

நான்காவது எண்ணெய். சிறிது காசு செலவாகும் இடம் இதுவே. பழைய எண்ணெய் உலோகத் துகள் கலந்து சாம்பல் நிறத்தில் வடியும். கையேடு கூறும் தரத்தில், கூறும் அளவில், இரண்டு கால்களுக்கும் சமமாகப் புதிய ஃபோர்க் ஆயிலை ஊற்றுங்கள். கெட்டியான எண்ணெய் நல்லது என்ற எண்ணம் தவறு. துளையின் வழியே எண்ணெய் பாயும் வேகம் இரு மடங்கானால் அதன் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. எனவேதான் கூர்மையான விளிம்புள்ள சிறு குழிகூடச் சம்மட்டியால் அடித்ததுபோல் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி ஊற்றுவதும் தீங்கே. உள்ளிருக்கும் காற்றுக்கு இடம் குறைந்து, ஃபோர்க் விரைவில் விறைத்துவிடும். சீலும் கசியத் தொடங்கும். சரியான எண்ணெயிலும் சிறு மேடுகள் இடித்தால் ஒரு படி மெல்லிய எண்ணெயைச் சோதிக்கலாம். அப்போது பிரேக் பிடிக்கையில் முன்பக்கம் விரைந்து தாழும். முதல் சில நாட்கள் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஃபோர்க்கின் மேல் மூடி ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருப்பது. முன்பக்கத்தை உறுதியாகத் தாங்கி நிறுத்தாமலும், முகத்தை விலக்கிக்கொள்ளாமலும் அதைத் திறக்கலாகாது. பழக்கமில்லாதோர் இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டு, அருகிலிருந்து பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

சிக்கனத்திற்கும் எல்லையுண்டு. வளைந்த குழாயை ஒதுக்கிவிட வேண்டும். கசியும் சீலை உடனே மாற்ற வேண்டும். கசிந்த எண்ணெய் பிரேக்கில் பட்டால் விபத்தில் முடியும். கைப்பிடியின் கீழுள்ள பால் ரேஸ் தேய்ந்திருந்தாலும் அவ்வாறே. புது ஸ்பிரிங், விலையுயர்ந்த வால்வு ஆகியவற்றைப் பற்றி எண்ண வேண்டியது இவையனைத்தும் சரியான பின்னரே.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நீங்கள் அன்றாடம் செல்லும் அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். செய்ததையும் கண்டதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எந்த மாற்றம் பயன் தந்தது என்பது அப்போதுதான் தெளிவாகும். அடுத்த முறை பணிமனைக்குச் செல்லும்போது எதற்குப் பணம் தருகிறோம் என்பதும் தெரிந்திருக்கும்.